போற தடம், போன தடம்

அன்புள்ள அப்பா,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பாவுக்கு நாலைந்து நாளாகச் சளி. தோளில் போட்டுத் தட்டித் தட்டி, இப்போதுதான் கண் மூடினாள். மூச்சு சீராக வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தாள். என் விரலில் உங்கள் ஜி.பி.எஸ். மெஷினின் வாசனை ஒட்டியிருந்தது. பெட்ரோலும் தூசியும் வெயிலில் காய்ந்த ரப்பரும் சேர்ந்த வாசனை. நீங்கள் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நிற்பதுபோல எனக்கு இருந்தது.

மெஷினை அலமாரியிலிருந்து எடுத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாப்பிள்ளை நண்பர்களோடு சத்தியமங்கலம் மலைக்கு வண்டியில் போகிறார். அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சரி என்று சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. போகிற வழியெல்லாம் கோடு போட்டு வைக்கிற மெஷின் அது. இடம் நிரம்பிவிட்டால் பழைய கோட்டைத் தானே அழித்துவிட்டுப் புதியதை எழுதும். இவர் மலைக்குப் போய்த் திரும்பினால் அதில் உங்களுடையது எதுவும் மிஞ்சாது. கடைசியாக நீங்கள் போட்ட கோடு, பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தது. அதை மட்டும் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கவில்லை. அப்போது யாருக்கு நேரம் இருந்தது?

அந்தக் கோட்டில் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. நான் உள்ளே வலியில் கிடந்தபோது நீங்கள் வாசலில் நடந்துகொண்டிருந்தீர்களா, இல்லை உட்கார்ந்தே இருந்தீர்களா?

அந்த மெஷின் நம் வீட்டுக்கு வந்த கதை நினைவிருக்கிறதா? உங்கள் கம்பெனியில் பனியன் வாங்க வருகிற ஜெர்மன் பையருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் பனியன் சாம்பிள்களை மேஜையில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் கம்பெனி வாசலில் உங்கள் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தீர்களாம். அடுத்த முறை வந்தபோது அவர் தான் ஓட்டிப் பழகிய பழைய மெஷினைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதை நீங்கள் என் மடியில் வைத்து, “கம்ப்யூட்டர் படிச்சிருக்கறயல்ல கண்ணு, இதப் பேச வெய்யி பாக்கலாம்” என்றீர்கள்.

அதில் நம் ஊர் வரைபடமே கிடையாது. வெறும் திரை, நடுவில் ஓர் அம்பு. கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து, சாலை திரும்புகிற இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோத்து, கேபிள் வழியாக மெஷினுக்கு ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிநேகிதர்களோடு வண்டியில் டூர் போவதற்காகச் சனிக்கிழமை சாயங்காலங்கள் அதிலேயே போகும். நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, திரையெல்லாம் விரல் ரேகை பதியக் காட்டுவீர்கள். “இந்த வளைவுல ஒண்ணு வெய்யி கண்ணு. இல்லாட்டி இது நேரா யாரோ தோட்டத்துக்குள்ள கொண்டுபோயி உட்டுரும்.” புள்ளிக்குப் பெயர் வைத்தால் ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு மேல் அது ஏற்காது. பெருமாநல்லூர் ‘பெருமா’வில் நின்றுவிடும், குன்னத்தூர் ‘குன்னத்’தில். “ஊருக்குப் பாதிப் பேரு வெச்சா நா பாதித் தூரந்தான் போவேன்” என்று சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று எட்டிப் பார்ப்பீர்கள்.

சாயப்பட்டறைக்கு டூர் போன கதையை மாமா இன்னும் விடவில்லை. உங்கள் சிநேகிதர் பெருமாநல்லூர் மாமாவைத்தான் சொல்கிறேன். போன வாரம் பாப்பாவைப் பார்க்க வந்தவர் அவளுக்கும் அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை கம்பெனியில் ஷிப்மெண்ட். நீங்கள் வரத் தாமதமாகும் என்று போனில் கூப்பிட்டீர்கள். “பழைய தடத்தையே போட்டு வெச்சுரு கண்ணு. புதுசு எதும் வேண்டாம்.” நானும் போட்டு வைத்தேன். கம்ப்யூட்டரில் இரண்டு அறை பிரித்து வைத்திருந்தேன் அல்லவா? போவதற்காக நாம் போட்டுக் கொடுப்பது ‘வழி’. போய்வந்த பிறகு மெஷின் தானாக எழுதி வைத்திருப்பது ‘தடம்’. பழைய தடம் என்றதும் அந்த இரண்டாவது அறையைத் திறந்து, முந்தின வாரத்துக் கோடு ஒன்றை எடுத்து ஏற்றிவிட்டேன். நீங்கள் சட்டைப் பையில் மெஷினோடு நிட்டிங், பிரிண்டிங், சாயப்பட்டறை என்று சரக்குப் பார்க்கச் சுற்றிய கோடு அது. நம் பக்கத்தில் தடம் என்றால் சாலைதானே, குன்னத்தூர் வழியாகக் கோபி போகிற பழைய சாலையைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலேஜில் படித்தது கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபிக்குக் கிளம்பிய நீங்கள், பின்னால் இரண்டு வண்டிகளோடு சாயப்பட்டறை கேட்டில் போய் நின்றீர்கள்.

“ஏனப்பா, டூருன்னு கூட்டிட்டு வந்து இங்கெதுக்கு நிறுத்திப் போட்ட?” என்று மாமா கேட்டாராம். “உள்ள ஒரு முக்கு முக்கி எடுத்துட்டுப் போலாம்னா? எனக்கு நேவி புளூ போடச் சொல்லு.”

வாட்ச்மேன் பதறி எழுந்து சல்யூட் அடித்தாராம். நீங்கள் சிரிக்கவில்லையாம். “எம் புள்ள போட்டுக் குடுத்த தடம். எதோ காரணம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த புள்ளிக்கு வண்டியைத் திருப்பினீர்களாம். பிறந்ததிலிருந்து சுற்றுகிற ஊர் உங்களுக்கு. முதல் திருப்பத்திலேயே தப்பு என்று தெரிந்திருக்கும். ஆனாலும் அந்த அம்பு சொன்னபடியே போயிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நமக்குள் நடந்த சண்டைதான் பெரிய சண்டை.

“தடம்னா போய்ட்டு வந்த சுவடுங்கப்பா. போகப் போறது வழி.”

“ஏங் கண்ணு, தடம்னா போற தடந்தான். போய்ட்டு வந்ததுக்கு எதுக்கு மெசினு? அது எனக்கே தெரியுமே!”

“மறந்து போச்சுன்னா?”

“மறந்தா மறுக்காப் போறேன்.”

கடைசியில் அம்மாதான் உள்ளே இருந்து, “ஒண்ணுக்குப் போற தடம்னு வெய்யி, ஒண்ணுக்குப் போன தடம்னு வெய்யி. ரெண்டு பேரும் சாப்புட வாங்க” என்றார்கள். அன்று மாற்றிய பெயர்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

பாப்பா குப்புற விழப் பழகுவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். அவள் முதல் முதலாக விழுந்தபோது நான் கட்டில் ஓரத்துக்கெல்லாம் தலையணை அடுக்கினேன். ஊசி போட்ட இடம் சிவந்தால் அழுகிறேன். சோறு ஊட்டும்போது அவள் இருமினால் எனக்கு மூச்சு நிற்கிறது. “உங்கப்பாவோட பொண்ணா நீ?” என்று அம்மா திட்டுகிறார்கள். எதற்கும் நீங்கள் சொல்வது ஒன்றுதான்: “பயப்படறதுக்கு என்ன கண்ணு இருக்குது?” ஆர்டர் கேன்சல் ஆனபோதும் அதைத்தான் சொன்னீர்கள். என்னைக் காரில் ஏற்றிய அன்றும் ஜன்னல் வழியாக அதைச் சொல்லிவிட்டு, “நீங்க முன்னால போங்க, நா பின்னாலயே வர்றேன்” என்று வண்டியை எடுத்தீர்கள். உங்களுக்குப் பயம் என்பதே கிடையாது, எனக்கு மட்டும் இது எங்கிருந்து வந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் நடந்தீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா என்று அம்மாவைக் கேட்டேன். “உங்கப்பாவா? கல்லாட்டம் வண்டி மேல உக்காந்திருந்தாரு. டீ வாங்கியாரச் சொன்னாக்கூட எந்திரிக்கல.” மாமாவைக் கேட்டேன். “நடந்து நடந்து அவனுக்குச் செருப்பே தேஞ்சுபோச்சு சாமி. நாந்தான் பாத்தனே.” மாமா எதையும் ஒன்றுக்கு நாலாகச் சொல்கிறவர். அம்மாவோ அன்று பெரும்பாலும் உள்ளேதான் இருந்தார்கள். யாரை நம்புவது?

அதனால்தான் மெஷினையே கேட்கலாம் என்று இன்று மதியம் உட்கார்ந்தேன். எங்கள் லேப்டாப்பில் அந்தக் கேபிளைச் செருக இடமே இல்லை. கம்பெனியில் மூடிக் கிடந்த உங்கள் பழைய கம்ப்யூட்டரை இவர் தூக்கிக்கொண்டு வந்தார். அனுப்பு என்று ஒரு பொத்தான், வாங்கு என்று ஒரு பொத்தான். மாற்றி அழுத்தினால் உங்கள் கோடு போய்விடும் என்று இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். இவர் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். “தப்பாப் போற மாதிரி இருந்தா நிறுத்திரு. நா மெசினே எடுத்துட்டுப் போகல. ஊரூராக் கேட்டுட்டே போய்க்கறேன்” என்றார். வாங்கு என்பதை அழுத்தினேன்.

வந்துவிட்டதுங்கப்பா. நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. ஓவர்பிரிட்ஜுக்கு முன்னால் நெரிசலில் ஊர்ந்து, அப்புறம் விரைந்து, ஆஸ்பத்திரி வாசலில் போய்க் நூல் சுற்றிய கோனிலிருந்து சரிந்த இழை மாதிரி ஒரே சிக்கலாகச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. அதற்கு மேல் கோடு இல்லை. அணைக்க மறந்திருப்பீர்கள், பேட்டரி தீர்ந்திருக்கும். நான் கத்தியே விட்டேன். “பாருங்க, அப்பா நடந்திருக்காரு! எத்தன தடவ நடந்திருக்காரு பாருங்க!”

இவர் பாப்பாவை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, “அது நின்ன எடத்துலயே நின்னாலும் இப்படித்தான் கிறுக்கும்மா. சாட்டிலைட் கணக்கு முன்னப்பின்ன ஆகும்” என்றார். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் மறந்திருந்தேன். விடவில்லை. புது பேட்டரி போட்டு, மெஷினைக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு, பாப்பாவுக்குச் சோறு ஊட்டி முடித்து வந்து பார்த்தேன். எங்கள் காம்பவுண்டுச் சுவரும் நன்றாக நடந்திருக்கிறது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகு எனக்கு அழுகை வந்தது.

உங்கள் சிக்கல் சுவருடையதைவிடக் கொஞ்சம் பெரியதுதான். ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் உயரக் கட்டடங்கள் உண்டு, அங்கே கிறுக்கல் பெரிதாகத்தான் வரும் என்கிறார் இவர். மெஷினால் இதற்கு மேல் சொல்ல முடியாது. கோட்டை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டேன். இனி அழியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இவருக்குப் போற தடமும் போட்டு முடித்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புள்ளி. இவ்வளவு எதற்கு என்கிறார். நான் குறைக்கப் போவதில்லை.

பாப்பா இருமுகிறாள், போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்குச் சரிதான். உட்கார்ந்தே இருந்தேன் என்றால், அப்படி இருக்க நானும் பழகிக்கொள்வேன். நடந்தேன் என்றால், இந்தப் பயத்தை எனக்கு நீங்கள் கொடுத்ததாக எண்ணி வைத்துக்கொள்வேன். அம்மாவிடம் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நடந்தீங்களா, உக்காந்திருந்தீங்களா? சீக்கிரம் பதில் போடுங்கப்பா.