அடுப்பு எரியாத காலை

மிஸ்,

சொன்னால் சிரிப்பீர்கள். மேகம் இல்லாத காலை என்றால், கொழுந்து பறிக்கப் போகும் முன் இன்னும் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்கிறேன். மேலே இருந்து படம் பிடித்தால் என்ன செய்வது? வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மருமகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். இன்றும் வானம் கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. பவுடர் டப்பாவைத் திறந்தபோது கொல்லைப் பக்கமிருந்து புகை வாசனை வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

கால்சட்டையும் பூட்சுமாக நீங்கள் முதலில் தோட்டத்துக்கு வந்தபோது, ஊசி போட வந்த நர்ஸ் என்று பிள்ளைகளை ஒளித்துவைத்தோம். செடியைப் பார்க்க அரசாங்கம் அனுப்பியது என்றீர்கள். "நல்லா பாருங்க மிஸ், இங்கே அதைத் தவிர வேற ஒண்ணும் இல்லே" என்றேன். அன்று சிரிக்க ஆரம்பித்தவர், ஞாயிறு தவறாமல் என் வீட்டு நெத்திலி சம்பலுக்கு வந்தீர்கள்.

சாப்பிட்ட இடத்திலேயே படத்தை விரிப்பீர்கள். மலை முழுக்கச் சிவப்பு.

"என்ன மிஸ், மலைக்கு அம்மை போட்டிருக்கா?"

"சட்டலைட் படம்க்கா. பச்சைதான் இதிலே சிவப்பாத் தெரியும். செடி எவ்வளவு செழிப்போ, அவ்வளவு சிவப்பு."

"அப்போ எங்க மண்டோர் மூக்குதான் இந்தத் தோட்டத்திலேயே செழிப்பு லா."

எங்களை வேலை வாங்கும் மண்டோர் அன்று தும்மிக்கொண்டே இருந்திருப்பார்.

உங்கள் மனசு தேயிலையில் இல்லை, நெல்லில் இருந்தது. கெடாவில் வயல் பக்கம் வளர்ந்தவர் நீங்கள். ஒரு வருஷம் தண்ணீர் வராமல் கதிர் பதராகிப்போய், அண்டை வீட்டார் ஊரைவிட்டே போனதைச் சொன்னபோது மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை. பயிர் வாடுவது ஆள் கண்ணுக்குத் தெரியும் முன் வானத்துப் படத்தில் தெரியும் என்பீர்கள். ஆனால் மேலதிகாரி, மலையில் தேயிலை வேறு, காய்கறி வேறு என்று படத்தில் பிரித்துக் காட்டு, அப்புறம் நெல்லுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். இங்கேயோ படத்துக்குப் படம் மேகம்தான். பக்கத்து ஊர் திரிங்காப் காய்கறித் தோட்டமும் பஞ்சு, எங்கள் தோட்டமும் பஞ்சு.

கடைசியில் சட்டலைட் கடக்கும் ஒரு நாளில் வானம் திறந்தது. நீங்கள் ஓட்டமாக வந்தீர்கள். மலைச்சரிவு பூராவும் புகை. கவாத்து வெட்டிய குச்சிகளை மண்டோர் கொளுத்திவிட்டிருந்தார்.

"என்ன மண்டோரே இது?"

"படம் பிடிக்கிறாங்கல்ல மிஸ்? குப்பையும் கூளமுமாத் தெரிஞ்சா தோட்டத்துக்கு அசிங்கம் லா."

துரை வருகிறார் என்றால் லயத்து வீட்டு வரிசைக்கே வெள்ளையடிக்கிறவர்கள் நாங்கள். வானத்துக்குச் செய்யமாட்டோமா? நீங்கள் பாதையோரம் உட்கார்ந்துவிட்டீர்கள். "மேகம்கூட இன்னைக்கு லீவு போட்டுச்சேக்கா" என்றீர்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் படம் கிடைக்கவில்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள், நெல்லைக் காகிதத்தில்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். மண்டோரின் மூக்கு வெளுத்துப்போனது.

அரை மாதம் கழித்து மறுபடி வானம் தெளிந்த அன்று, லயத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. தீப்பெட்டிகளையெல்லாம் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு மண்டோர் காவல் இருந்தார். பழைய சோறுதான் எல்லாருக்கும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு மிடறு தேத்தண்ணி இல்லை. "அடுப்புப் புகையெல்லாம் அங்கே தெரியாதுக்கா, பிள்ளைங்களுக்குப் பால் காய்ச்சுங்க" என்று வீடு வீடாகக் கெஞ்சினீர்கள். யார் கேட்டார்கள்?

படம் வந்தது. அப்படி ஒரு சிவப்பு.

"இதிலே நான் எங்கே மிஸ்?"

"இந்த ஒரு புள்ளிக்குள்ளே உங்க லயமே அடங்கிடும்க்கா."

"அப்போ பவுடர் காசு தண்டமா?"

அடுத்த மாதமே உங்களை நெல்லுக்கு மாற்றினார்கள். பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அடுப்பை அணைத்து, நாங்களே உங்களை அனுப்பிவைத்திருக்கிறோம்.

கெடாவிலிருந்து ஒரு படம் அனுப்பினீர்கள். சிவப்பு வயலில் ஒரு மூலை மட்டும் வெளிறியிருந்தது. "தண்ணி எட்டாத இடம்க்கா. நேரத்தோட வாய்க்காலைத் திறந்துட்டாங்க, பயிர் பிழைச்சிடுச்சு" என்று பின்னால் எழுதியிருந்தீர்கள். முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். நீங்கள் இறந்துபோன சேதி வந்த அன்று அதற்கும் சேர்த்துப் பூ வைத்தேன். யாருடைய படம் என்று கேட்கிறார்கள். யாரோ சாப்பிடப்போகும் சோறு என்று சொல்கிறேன்.

பவுடரோடு இன்னொரு பழக்கமும் என்னிடம் தங்கிவிட்டது. தெளிந்த காலையில் புகையைக் கண்டால் கை தானாக வாளியைத் தேடும். இன்றும் தேடியது. கொல்லைக்குப் போனேன், வேலிக்கு மேலாக ஊற்றினேன், புகை நின்றது. பக்கத்து வீட்டில் வளைகாப்பு என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. விருந்துக்கு உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பு அது. சோறு அரை வேக்காட்டில் நின்றது. எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டார்கள்.