கரியும் கிழக்கு ஜன்னலும்

டிசம்பர் 12, 1956

காமுவையும் குழந்தையையும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திருப்போரூருக்கு அழைத்து வந்தாயிற்று. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண். "உடம்புச் சூடு குறைந்தால் தங்காது" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். தம்பி அம்பிக்குக் காஞ்சிபுரத்தில் உத்தியோகம், சனிக்கிழமைதான் வருவான். அதுவரை அவன் மனைவி காமுவும் குழந்தையும் என் பொறுப்பு.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. உள்ளறையில் கும்முட்டி அடுப்பில் கரி போட்டு வைக்கிறேன். கிழக்கு ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்து அத்தனை சூட்டையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு கூடை கரி மூன்று நாளில் தீர்ந்தது. வாத்தியாரம்மா சம்பளத்தில் கட்டுப்படியாகுமா?

ஜன்னலை மூடி, இடுக்கெல்லாம் பழைய பேப்பரைத் திணித்தேன். கதவடியில் சாக்கு. அறை கதகதவென்று ஆகிவிட்டது. இனி ஒரு கூடை ஒரு வாரம் வரும். சுந்தரவல்லியா, கொக்கா!

டிசம்பர் 17

பேப்பரைக் காணோம். ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கிறது.

பாத்திரம் தேய்க்கும் கன்னியம்மாவைக் கேட்டேன். கொல்லைப்புறத்திலிருந்து ஜன்னலைத் தள்ளியிருக்கிறாள்.

"கரி நெருப்ப வெச்சிகினு வூட்ட அடைக்கக் கூடாதும்மா. ஆள அமுக்கிடும்."

"புகையே இல்லையேடி?"

"பொக இல்லாததுதாம்மா பயம்."

இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். போதும் என்றேன். எனக்கே பாடம் நடத்துகிறாள்.

டிசம்பர் 18

இப்போதுதான் உறைத்தது. நமக்குக் கரி கொண்டுவந்து போடுகிறவன் இவள் அக்கா புருஷன். ஜன்னல் திறந்திருந்தால் கரி சீக்கிரம் தீரும். தீர்ந்தால் அவனுக்கு வியாபாரம். அப்படிப் போடு!

மறுபடி பேப்பர் திணித்தேன்.

டிசம்பர் 20

தலை விண் விண்ணென்று தெறிக்கிறது. காமு இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். குழந்தை துவண்டு கிடக்கிறது. எங்கள் காபிக்குப் பால் வாங்கி வருகிறவள் கன்னியம்மாதானே? அதில் எதையாவது — சீ, அப்படியும் செய்வாளா? ஏன் செய்யமாட்டாள்?

டிசம்பர் 21

காலையில் மறுபடி ஜன்னல் திறந்திருந்தது. பாலை நானே போய் வாங்கினேன். யாருக்கும் தலைவலி இல்லை. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

டிசம்பர் 24

ஜன்னலுக்குக் குறுக்கே வெளியே பலகை வைத்து ஆணி அடித்தேன். கன்னியம்மாவை நிறுத்திவிட்டேன். "பாப்பாவ பாத்துக்கோம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். என்ன நடிப்பு!

டிசம்பர் 26

இன்று எழுத முடியாது. நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 27

நேற்று மத்தியானம் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு மூவரும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தோம். விழித்தபோது கால் அசையவில்லை. காமுவைக் கூப்பிட்டேன் — குரலே எழும்பவில்லை. அப்போது பலகை உடைகிற சத்தம்.

விட்டுப்போன பழம் புடவையை எடுத்துப்போக வந்த கன்னியம்மா. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. கொல்லையில் கிடந்த கடப்பாரையால் பலகையைப் பெயர்த்து, ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டு, பின்கதவு வழியாக ஓடிவந்து எங்களை முற்றத்துக்கு இழுத்துப் போட்டாள்.

காமுவும் நானும் தெளிந்தோம். குழந்தை அழவில்லை. கன்னியம்மா ரவிக்கையை அவிழ்த்து, அதை வெறும் மார்போடு அணைத்து, முந்தானையால் சுற்றிக்கொண்டாள். "அழுடி, என் கண்ணு, அழுடி" என்று முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமோ. பூனைக்குட்டி போல ஒரு குரல் வந்தது. ஐயோ பெருமாளே!

"என் வூட்டுக்காரரு இப்டித்தாம்மா போனாரு. சவுக்குத் தோப்புல, குளுருதுன்னு குடிசைய சாத்திகினு கரிய வெச்சிகினு படுத்தாரு."

அன்றைக்கு இதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள். பாலில் எதையோ கலந்தாள் என்று எழுதிய கை இது. அந்த வரியை அடித்துவிட நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

ஜனவரி 13, 1957

போகி. பேப்பர், சாக்கு எல்லாம் வாசலில் எரிந்தன. உடைந்த பலகையை மட்டும் வெந்நீர் அடுப்புக்கு எடுத்து வைத்தேன்.

கரி வாங்கி இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. காலையில் காமு குழந்தையை மார்போடு கட்டிக்கொள்கிறாள், மத்தியானம் கன்னியம்மா. "அவளையா உள்ளே விட்டாய்?" என்று எதிர்வீட்டு உப்பிலி மாமா கேட்டார். அவள் வராமலிருந்தால் எங்களைத் தூக்க நீங்கள் நாலு பேர் வந்திருப்பீர்கள் என்றேன். போய்விட்டார்.

சாயங்காலம் என் முறை. நாற்பத்தொரு வயதில், கல்யாணமே ஆகாத என் மார்பில் ஒரு குழந்தை தூங்குகிறது. அதனால்தான் எழுத்து இத்தனை கோணல். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை பார்க்கவேண்டும்.