பன்னிரண்டாம் நாள் கையெழுத்து

ஐப்பசி 8, திங்கள்

விடியும்போதே தூறல். காயப்போட்ட துணி மறுபடியும் நனைந்துவிட்டது.

இது என் வீட்டுக்காரருடைய டைரி. ஷேர் ஆட்டோ சவாரி எழுதி வைத்தது. வைகாசியோடு நிற்கிறது. மிச்சப் பக்கத்தில் நான். அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

நாளை மறுநாள் தொழிலாளர் ஆபீசில் பேச்சு. எடுத்துப் போக: அவர் இறப்புச் சான்று. ஆடியில் நான் போட்டுக்கொண்ட முதல் கொரோனா ஊசித் தாள். ஆஸ்பத்திரி அடையாள அட்டை... அதை வேலையை விட்டு நிறுத்திய அன்றைக்கு வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

சங்கத்துப் பாண்டி அண்ணன் வந்தார். எல்லாம் மறுபடி முதலிலிருந்து கேட்டார். சொன்னேன். ஆஸ்பத்திரியில் எல்லாரும் கட்டாயம் ஊசி போட வேண்டிய நாள், அவர் போய்ப் பன்னிரண்டாம் நாள். எங்கள் வீட்டு வழக்கம், முப்பது கழியாமல் நான் வாசல் தாண்டக் கூடாது. ஆனால் ஊசி நோட்டில் என் பெயருக்கு நேரே கையெழுத்து. முப்பது கழித்து வேலைக்குப் போனேன். போனில் ஊசி மெசேஜைக் காட்டு என்றார்கள். இல்லை. ஏமாற்றிவிட்டாய் என்று அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். பதினொரு வருடம் வார்டு ஆயா. ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டது யாருன்னு சொல்லுத்தா. உன் வேலை திரும்பிரும்."

"தெரியாதுண்ணே."

"உன் மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

தெரியும். ர. பெயரை முழுதாக எழுத மாட்டேன். யாராவது எடுத்துப் படித்தால் அவள் பிழைப்பும் போகும்.

ஐப்பசி 9, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். ஆட்டோவை விற்கச் சொல்லி மறுபடி ஆள். சீட்டில் இன்னும் அவர் துண்டு.

ட்யூட்டி முடிந்து ர. வந்தாள். பையில் நண்டு.

வார்டில் எங்களுக்குள் பழக்கம் அது. பெரியபட்டினம் பஸ் பிந்தினால் அவளுக்கு நான் வருகைக் கையெழுத்துப் போடுவேன். நோன்பு மாதத்தில் பாதி நாள் என் கைதான். எனக்கு அவள். ஊசி நோட்டும் அந்த நோட்டு மாதிரித்தான் என்று நினைத்துவிட்டாள்.

"ஊசி போடமாட்டேன்னு நீ சொல்லலையே காளியம்மா. பின்னாடி போட்டுக்கிருவன்னுதானே நான்..."

"தெரியும்டி. அழுகாத."

"நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"நானே போட்டேன்னு."

"வாசலத் தாண்டாதவ எப்படிடி போட்ட? ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்ல வராதா ஒனக்கு?"

சிரித்துவிட்டோம். அவர் போனபிறகு சத்தமாகச் சிரித்தது இன்றைக்குத்தான். உடனே அவர் படத்தைப் பார்த்தேன். அவரும் சிரித்திருப்பார்.

அவளுக்கு மூன்று பெண் பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு இடுப்பு போய்விட்டது, கடலுக்குப் போவதில்லை. அவள் பெயர் என் வாயிலிருந்து வராது.

ஐப்பசி 10, புதன்

காலை மழை. சேலை ஓரமெல்லாம் சேறு.

மேனேஜர் அந்த நோட்டைக் கொண்டுவந்திருந்தார். ஆபீசரம்மா என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

பொய் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் கதவுச் சத்தம். ர. ஆஸ்பத்திரி நீலச் சேலையோடு.

"நான் போட்டதும்மா. இவ துட்டி வீட்டுல கெடந்தா. போடச் சொல்லி இவ கேக்கவும் இல்ல."

மேனேஜர்: "அப்ப ரெண்டு பேரையும்தான் நிப்பாட்டணும்."

ஆபீசரம்மா: "இவங்களத்தான் கேக்காம நிப்பாட்டுனீங்க. அவங்களயுமா? எழுத்துல பதில் குடுங்க."

அடுத்த பேச்சு கார்த்திகையில். பாண்டி அண்ணனுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை.

பஸ்ஸில் இருவருக்கும் ஒரு பொட்டலம் கடலை.

ஐப்பசி 12, வெள்ளி

நல்ல வெயில். துணி காய்ந்தது.

நேற்றுக் காலையே அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பாண்டி அண்ணன் அவளுக்கும் மனு எழுதுகிறார். இனி மறைக்க ஒன்றுமில்லை. ரஹ்மத். ரஹ்மத் நிஷா.

இன்று எனக்கு ரெண்டாவது ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட வந்தாள். கை வலிக்கிறது. நர்ஸ் நோட்டை நீட்டினாள். பழக்கத்தில் ரஹ்மத் பேனாவை எடுத்துவிட்டாள். எடுத்தவள் என்னைப் பார்த்தாள்.

"இந்தாத்தா. நீயே போடு."

போட்டேன். கடைசி எழுத்து கொஞ்சம் கோணல்.