முதற்கவளம்

மழை தவறாத தண்ணாற்று நாட்டின் அரசமாதேவி பூங்குன்றி, நெடும்பொறை நாட்டைக் காக்கும் அருங்கோவேள் அரசருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குடிகளும் நலமாக இருக்கட்டும். அந்த நலம் நீடிப்பது, இவ்வோலையைப் படித்தபின் நீர் செய்வதைப் பொறுத்தது.

உம் மகளும் எம் மருமகளுமான தேமொழியைக் காண வந்த உம் தூதர் வெண்ணாகனார், எம் பந்தியில் வயிறார உண்டு, பாயசத்தை மறுமுறையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, உம் அவைக்குத் திரும்பியதும் ஒரு வாழையிலையை உயர்த்திப் பிடித்தாராம். நம் இளவரசி மாமியாரின் எச்சில் இலையில் உண்கிறாள் என்றாராம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இங்கே பெண்ணைப் பெற்றவர் எவருமே இல்லையா என்று கேட்டாராம். கேட்போரைக் கொதிக்கவைக்கும் வெகுளியூட்டல் என்னும் கலையில் அவர் வல்லவர். வாள்கள் உருவப்பட்டன. மகளை மீட்கவென்று உம் படை இன்று செவ்வாற்றின் அக்கரையில் நிற்கிறது.

அவர் கண்டது மெய்தான். எச்சில் என்ற அந்த ஒரு சொல்தான் பொய். எம் குலத்தில் மருமகளின் இலையில் முதற்கவளத்தை மாமியார் உண்பாள். சோற்றில் நஞ்சிருந்தால் மாள்பவள் தானாக இருக்கட்டும், மகளாக வந்தவள் பிழைக்கட்டும் என்பதே அதன் பொருள். கேட்டிருந்தால் எம் அடுக்களைப் பெண்களே விளக்கியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர் பேச்சு எடுபட்டிராது. இன்னொன்றும் அறிக: அன்று யாம் முதலில் உண்டு பார்த்தது, நீர் அனுப்பிய பலகாரத்தை.

தேமொழியை உம்மிடம் அனுப்பிவிடலாம் என்றனர் எம் அமைச்சர்கள். முடிவை அவளிடமே விட்டோம். உணவுக்கு அமர்ந்திருந்தவள் எல்லாவற்றையும் கேட்டாள். எம் இலையைத் தன் பக்கம் இழுத்து ஒரு கவளம் உண்டாள்.

"இனிமே உங்க இலையில முதல் வாய் நான்தான் சாப்பிடுவேன், அத்தை. அந்த மனுஷர் இதையும் போய் அவையில சொல்லட்டும்" என்றாள்.

ஆகவே, இவ்வோலை கண்டதும் படை திரும்பட்டும். வெண்ணாகனார் அதே அவையில், அதேபோல் இலையை ஏந்தி, அதன் பொருளை உரைக்கட்டும், கண்ணீர் வேண்டியதில்லை. மறுத்து ஆற்றைக் கடந்தால், உம் வேல்களின் எதிரே முதலில் வந்து நிற்கப்போவது உம் மகள். அவளுக்கு ஓரடி முன்னே யாம் நிற்போம்.

இரட்டை அன்றில் இலச்சினையிட்டு உரைத்தோம். அருகில் தேமொழி தன் கையால் ஒற்றியிருப்பது, நீர் அவளுக்கு அணிவித்து அனுப்பிய கணையாழி.