ஐஸ் பெட்டியில் குளிர்ந்த இத்தாலி ஒயின்

கப்பல் ஏறினாலும் மனசைப் பட்டினப்பாக்கத்திலேயே விட்டுப் போன என் மாமாவுக்கு,

நேற்று உனக்கு முதல் வருஷப் படையல் போட்டோம். பார்த்தாயா? காக்கா வந்து சோறு எடுத்தது. அது நீதானா, இல்லை, எதிர்வீட்டு மாடியில் எப்போதும் திரிகிற காக்காவா என்று எனக்குச் சந்தேகம்.

உன் தம்பி ஏழுமலை வழக்கப்படி ஒரு குவாட்டர் பிராந்தி வாங்கி வந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்த உன் இத்தாலி ஒயினை எடுத்தேன். சரக்குக் கப்பலில் நீ சமையல் வேலை பார்த்தபோது, கடைசிக்கு முந்தின பயணத்தில் கொண்டு வந்தாயே, இடுப்பு சிறுத்த பச்சை பாட்டில், அதேதான்.

இத்தாலியில் இருக்கிற அந்த அங்கோனா துறைமுகத்தைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அங்கேயும் கடல் கிழக்கில்தான், நம்ம ஊர் மாதிரி சூரியன் தண்ணீரிலிருந்துதான் எழும்பும். பின்னால் மேடும் பள்ளமுமாகத் திராட்சைத் தோட்டம். அந்தத் திராட்சைக்கு வெர்டிக்கியோ என்று பேர். வெள்ளை ஒயின்தான், ஆனால் லேசாகப் பச்சை ஓடும். அங்கே பொடி மீனை மாவில் புரட்டிப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, இதைக் குளிரக் குளிரக் குடிப்பார்கள் என்பாய்.

"வேலைய வுட்டு வந்ததும் தொறப்போம்டி. அன்னிக்கு நீ பரிமாறக் கூடாது. என் பக்கத்துல குந்தி துன்னணும்" என்றாய்.

வேலையை விட்டு வந்தாய். வந்த மாசமே நெஞ்சு வலி.

நம் மகள் கவிதா போனில் தேடிப் பார்த்துவிட்டு, இந்த வெள்ளை ஒயின் நம் வீட்டு வெக்கையில் தாங்கியிருக்காது, கெட்டிருக்கும் என்றாள். அதுவும் கெட்டுப்போனால், நீ சொன்ன அந்தச் சாப்பாடு இனி எப்போது மாமா?

குளிர வைக்க எனக்கு என்ன யோசனை, நான் மீன் விற்கிற ஐஸ் பெட்டிதான் இருக்கிறதே. சங்கரா மீனுக்கு நடுவில் பாட்டிலைப் புதைத்தேன். எடுத்தபோது கழுத்து வரை செதில். ஏழுமலை மோந்து பார்த்து, "இன்னா அண்ணி, ஒயினா, மீன் கழுவுன தண்ணியா?" என்றான். தக்கையைத் திறக்கச் சாமான் இல்லை. திருகாணியை ஏற்றிக் குறடால் இழுத்தான். பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே விழுந்தது.

நெத்திலிக்கு மிளகாய்த்தூள் போடவில்லை. உப்பு, மஞ்சள், கொஞ்சம் மைதா மாவு, அவ்வளவுதான். புளிக்கும் காரத்துக்கும் இந்த ஒயின் ஆகாது என்று நீ சொன்னது ஞாபகம். ஆனால் உன் இலையில் மீன் குழம்பு இல்லாமல் எப்படி? வஞ்சிரக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி ஓரமாக வைத்தேன், ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்கட்டும் என்று.

படத்துக்கு முன்னால் ஒரு இலைதான் போடுவது. நான் பக்கத்தில் இன்னொன்று போட்டேன்.

"அது யாருக்கு அண்ணி?"

"எனக்குத்தான். நீ பரிமாறு."

அவன் என்னைப் பார்த்தான், உன் படத்தைப் பார்த்தான். கரண்டியை எடுத்துக்கொண்டான்.

உனக்கு ஒரு டம்ளர் நிறைய, எனக்குக் கொஞ்சம். பயந்துகொண்டேதான் குடித்தேன். கெடவில்லை மாமா. புதுசில் எப்படி இருந்திருக்குமோ, எனக்கென்ன தெரியும்? முதலில் புளித்தது. நெத்திலியைக் கடித்ததும் அந்தப் புளிப்பு அடங்கியது. கடைசியில் பாதாம் தோல் மாதிரி ஒரு கசப்பு. அது வரும் என்று நீ முன்னமே சொல்லியிருந்ததால் முகம் சுளிக்கவில்லை. தக்கைத் தூள் பல்லில் மாட்டும் என்று மட்டும் நீ சொல்லவில்லை.

வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீ போனதிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை.

பாட்டில் காலி. இனி உனக்கு ஏழுமலையின் பிராந்திதான், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் இலை இரண்டுதான். உன் நாளில் நான் கரண்டியைத் தொடமாட்டேன், உன் பக்கத்தில்தான் குந்துவேன்.

உன் அத்தை மகள், உன் வீட்டுக்காரி,
செல்வி