வெள்ளைத் துண்டில் கரிக்கோடு

தை 14, வியாழன்

லாரியிலிருந்து இறங்கிய அப்பா செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தார். தலைவலி என்று படுத்துவிட்டார். "கண்ணு பட்டிருச்சு" என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள்.

சோற்றுப் போசியை எடுக்க நான் வண்டியில் ஏறினேன். உள்ளே புகை நாற்றம். பெடலுக்குக் கீழே பலகை விரிசலின் மேல் அப்பாவின் வெள்ளைத் துண்டு கிடந்தது. விரிசல் பட்ட இடத்தில் மட்டும் கரிக்கோடு.

அதை அவரிடம் காட்டினேன். "எஞ்சின் புகை உள்ள வருதுங்கப்பா."

"பழைய வண்டி அப்படித்தான் கண்ணு. குளுருக்குக் கண்ணாடிய ஏத்திட்டா கதகதன்னு இருக்குது. தூக்கந்தான் சொக்குது" என்று சிரித்தார்.

விடியுமுன் அவர் மரவள்ளி லோடுடன் மலைப்பாதையின் அத்தனை வளைவுகளிலும் இறங்க வேண்டும். கால் மாறிய செருப்பும் தலைவலியும் தூக்கமும் அந்தப் புகையால்தான் என்று எனக்குப் பட்டது. அவர் தூங்கியதும் லாரிச் சாவியை எடுத்துச் சாமைப் பானைக்குள் புதைத்தேன்.