நீர்மூழ்கியில் போனவர்

அபென்றா, 1986

அன்புள்ள அண்ணி,

நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன், மன்னியுங்கள். நான் படித்து வாங்கிய பட்டம் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த டேனிஷ் ஊரில் நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன்.

அங்கே இங்கெர் என்றொரு கிழவி. அவருடைய கணவர் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் போனவர். அது இரண்டாம் உலக யுத்தத்தில் பல கப்பல்களை மூழ்கடித்ததாம். அந்தக் கப்பல்களில் இருந்தவர்களைப் பற்றி இங்கெர் பேசமாட்டார். யுத்தத்தின் கடைசி வாரத்தில் விமானம் குண்டு போட்டு அதுவும் மூழ்கியது. கணவரின் உடல் கிடைக்கவில்லை, இங்கெர் நாற்பத்தொரு வருடம் காத்திருந்தார். என்னோடு வேலை செய்யும் விமலராணி அக்கா, "மனுசன் வந்தாலும் இனி ஆரெண்டு தெரியாது, பிள்ளை" என்று சிரிப்பார்.

போன மாதம் கடலுக்கடியில் இறங்கிய சுழியோடிகள் அந்த நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தார்கள். செய்தியைக் கேட்டு இங்கெர் அழவில்லை. என் கையைப் பிடித்து, "எனக்கு இப்போது என்ன வயது?" என்று கேட்டார்.

"எழுபத்திரண்டு."

"அவ்வளவு ஆகிவிட்டதா?" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

பேசாலையில் அண்ணா ஏறி, கடலில் காணாமல் போன வள்ளத்தை யாரும் சுழியோடித் தேடப்போவதில்லை. உங்களுக்கு இருபத்தாறு வயதுதான். அண்ணா வருவார் என்றிருக்கும் அம்மா கோபிப்பார், அவருக்கு நான் எழுதுகிறேன். இனிக் காத்திருக்காமல், தேவாலயத்தில் அண்ணாவுக்கு இறந்தோர் பூசை ஒப்புக்கொடுங்கள், அண்ணி.

உங்கள் மச்சாள்